துரையின் ஜீப்புக்குப் பின்னால் ஒரு வேகமான கார்

மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. பனி இறங்கும் நேரத்தில் அவளுக்கு மூச்சு இழுக்கும். முதலில் மூக்கு ஒழுகும், பிறகு இருமல், அப்புறம் நெஞ்சுக்குள்ளே பூனை ஒன்று சுருண்டு படுத்திருப்பதுபோல ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் தோட்டத்து மருந்துக்காரர் கொடுக்கிற சிவப்புத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். போவதற்குக் கம்பெனி லோரி இருக்க வேண்டும். லோரி இருந்தால் டிரைவர் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் தோட்டத்து மேனேஜரான துரை சரி என்று சொல்ல வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிவரும்வரை நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் வாசலுக்கும் நடப்பேன்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. இப்போது அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். இந்த வேளையில் வீடு அமைதியாக இருப்பதால் இதை எழுத முடிகிறது.

என் கணவர் அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. எங்களுக்குக் கொடுத்த வீடு மேட்டின் நடுவில் இருந்தது. கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள், மேலே துரையின் பங்களா. குழாயடியில் லயத்துப் பெண்கள் பேசிச் சிரிப்பது எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். நான் இறங்கிப் போனால் சிரிப்பு நின்றுவிடும். "வாங்க கிராணியம்மா" என்று வாளியை நகர்த்தி இடம் விடுவார்கள். அந்த மரியாதைக்குப் பிறகு பேச எதுவும் இருக்காது. மேலே பங்களாவில் விளக்கு எரிவது தெரியும். அங்கே போக எனக்கு ஒரு காரணமும் கிடையாது. தெலுக் அன்சனில் பிறந்து, ஐந்தாம் பாரம் முடித்து, ஒரு பள்ளியில் கொஞ்ச காலம் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள் நான். இங்கே பால் டின்னின் மேல் எழுதியிருப்பதைக் கூட இரண்டு தடவை படிப்பேன்.

கார் வாங்கலாம் என்று முதலில் சொன்னது என் கணவர்தான். எனக்கு எந்தக் கார் என்பது முக்கியமில்லை. பிரிஞ்சாங்கில் ஒரு ஆசிரியர் தன்னுடைய சின்ன ஜப்பான் காரை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அதுவே போதும் என்று நினைத்திருந்தேன். அதே சமயத்தில்தான் எங்கள் தோட்டத்துச் சின்னத் துரை வேலையை விட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொல்லி, தன் காரையும் விற்கப் போகிறார் என்ற செய்தி வந்தது.

அந்தக் காரைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கண்ணால் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரியும். பார்வைக்குச் சாதாரண நாலு கதவுக் கார்தான், கரும்பச்சை நிறம். பின்னால் ஒன்றுக்கு இரண்டு புகைக்குழாய். அது மலை ஏறும்போது கொழுந்து பறிக்கிற பெண்கள் தலையை நிமிர்த்தாமலே, "சின்னத் தொர டவுனுக்குப் போவுது" என்பார்கள். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். அவ்வளவு எண்ணெய் குடிக்கிற வண்டியை யாரும் கேட்கவில்லை. அதனால் அது அந்தச் சின்னக் காரின் விலைக்கே இறங்கியிருந்தது.

"சும்மா பாத்துட்டு வருவோம்" என்றார் என் கணவர். அவர் சும்மா பார்க்கப் போவதற்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டதைப் பார்த்தபோதே எனக்குக் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

சின்னத் துரை பினாங்குக்காரர், சின்ன வயது. துரைமார்களுக்குத் தமிழில் பரீட்சை உண்டு. அவர் அதைத் தேயிலைக் காட்டில் வேலை வாங்கும்போது கற்றுக்கொண்டவர். ஆகவே அவருக்கு உலகத்தில் எல்லாரும் 'நீ'தான்.

"வா, வா. நீ உள்ளே உக்காரு. புள்ள தூக்கிட்டு உக்காரு" என்றார் என்னைப் பார்த்து.

என் கணவருக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மேட்டுக்கு வந்தபிறகு யாரும் என்னை நீ என்று கூப்பிட்டதில்லை. தெலுக் அன்சனில் அம்மா கூப்பிடுவதுபோல இருந்தது.

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். சீட்டில் பழைய தோல் வாசனை. முன்பக்கம் வேகம் காட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு வட்டம் இருந்தது. என்ஜின் எவ்வளவு சுற்றுகிறது என்று அது காட்டுமாம். என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். கோயிலில் தீபாராதனைத் தட்டைத் தொடுகிறவர்போல இரண்டு கையின் விரல் நுனியாலும் தொட்டுக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். அதுவரைக்கும் லோரியும் பஸ்ஸும் தவிர வேறு எதிலும் அவர் தனக்கென்று உட்கார்ந்ததில்லை.

"இந்தக் காடி பாக்க மாடு, ஓடுனா குதிரை" என்றார் சின்னத் துரை. "ஆனா ஒன்னு மட்டும் ஞாபகம் வை, கிராணி. மெதுவா ஓட்டினா இதுக்குச் சீக்கு வந்துடும். இங்க காத்து கம்மி, குளிர் வேற. ப்ளக்கு எல்லாம் கரி புடிச்சிக்கும். வாரத்துக்கு ஒரு நாளு ஓட விடு. இந்த ஊசி அஞ்சு தொடணும். தொட்டா கரி எல்லாம் எரிஞ்சு போவும்."

"சரிங்க தொர" என்றார் என் கணவர்.

பிறகு சின்னத் துரை ஒரு சின்னக் கம்பியை இழுத்தார். கால் பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. குளிர்நாட்டில் செய்த வண்டி, அதனால் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். மகள் என் மடியிலிருந்து எட்டி அந்தக் காற்றில் கையை நீட்டினாள். கையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியதுபோலச் சிரித்தாள். வெளியே தேயிலைச் செடிகளைப் பனி மூடிக்கொண்டு வந்தது. உள்ளே என் பிள்ளை கம்பளிச் சட்டை இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்பதுதான் என் பதில். அப்படிச் சொல்லித்தான் பழகியிருந்தேன். அன்றைக்கு வாசல்படி ஏறும்போதே அவர், "என்னா சொல்ற?" என்று கேட்டார். நான், "வாங்கிடலாங்க" என்றேன்.

அவர் நின்று திரும்பிப் பார்த்தார். "அந்தச் சின்னக் காடி பரவாலன்னு சொன்னியே?"

"அதுல ஹீட்டர் இல்லீங்களே."

அவர் வாங்கியது அந்த என்ஜினை. நான் வாங்கியது அந்த வெதுவெதுப்பான காற்றை. இரண்டும் ஒரே வண்டிக்குள் இருந்ததால் எங்களுக்குள் வாக்குவாதம் இல்லை. ஆனாலும் அன்று படுத்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு வேகமான ஒன்றை வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தச் சொல்லிவிட்டோமே என்று இருந்தது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் காரை நிறுத்தி மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பூசாரி திருநீறு பூசிவிட்டு, "எடுங்க" என்றார். என் கணவர் சாவியைத் திருப்பினார். அது உறுமிய உறுமலில் பூசாரி தட்டோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"சாமிக்கே பயங்காட்டுது லா, கிராணியார் காடி" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

எங்கள் பக்கத்து வீட்டில், தோட்டத்து வெளிவேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் குடும்பம் இருந்தது. அவர் மனைவி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த மேட்டில் எனக்கு அக்கா என்று கூப்பிட ஒருவர் உண்டென்றால் அவர்தான். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் காதருகில் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. பெரிய தொரயோட ஜீப்பு பழசு. இது அதுக்குப் பக்கத்துல நின்னா நல்லாவா இருக்கும்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. நாங்கள் இரண்டு பேரும் யோசிக்காமல் விட்ட கேள்வியும் அதுதான்.

தோட்டத்திலிருந்து பெரிய சடக்குக்கு, அதாவது தார் ரோட்டுக்கு, போக ஒரே பாதை. ஒரு வண்டி அகலம், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் மூடிய கையோடு நாங்கள் தானா ராத்தாவுக்குச் சாமான் வாங்கப் போவோம். அதே நேரத்துக்குத்தான் பெரிய துரையும் ஜீப்பில் கிளம்புவார். அவர் டவுனுக்குப் போகிறவர்போல ஓட்டுவதில்லை. இந்தப் பக்கம் ஒரு செடி, அந்தப் பக்கம் ஒரு செடி என்று பார்த்துக்கொண்டு, ஓரிடத்தில் நிறுத்திக் கொழுந்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி நடை வேகத்தில் போவார். தோட்டத்துக்குள் துரையின் வண்டியை யாரும் தாண்டக் கூடாது. எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை. துரையும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் லோரியும் சரி, மோட்டார் சைக்கிளும் சரி, ஜீப்பைக் கண்டால் பின்னால் ஒட்டிக்கொண்டு ஊரும். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

முதல் சனிக்கிழமை நாங்களும் ஊர்ந்தோம். அந்த என்ஜின் முதல் கியரில் முணுமுணுத்துக்கொண்டு, தும்மிக்கொண்டு வந்தது.

"தாண்டிட்டுப் போங்களேன். கொழுந்து நிறுக்கிற கொட்டகைகிட்ட எடம் இருக்குல்ல" என்றேன்.

"தொரயவா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில் அவருடைய அப்பா, அப்பாவின் அப்பா எல்லாரும் இருந்தார்கள்.

பெரிய சடக்கில் ஏறிய பிறகாவது ஓடியிருக்கலாம். அங்கே கோலா தெர்லாவிலிருந்தும் திரிங்காப்பிலிருந்தும் காய்கறி ஏற்றி வரும் லோரிகள் இருக்கும். அந்த லோரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால் சடக்கு காலியாக இருந்தால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வா வா என்று உள்ளங்கையால் அழைப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் தாண்டிப் போய் ஒரு ஹாரன் அடித்து நன்றி சொல்வார்கள். எத்தனையோ கைகள் எங்களை அழைத்தன. என் கணவர் போகமாட்டார். மெதுவாகப் போய்ப் பழகிய காலுக்கு வேகம் பயமாகிவிட்டதோ, அல்லது தோட்டத்துக்கு வெளியே மட்டும் வேகமாகப் போவது ஏதோ கள்ளத்தனம் என்று பட்டதோ, தெரியவில்லை. அந்த ஊசி இரண்டைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை.

சின்னத் துரை சொன்னது நடந்தது. குளிரில் வண்டி எழும்ப மறுத்தது. வீட்டுக்கு முன்னால் சரிவில் மூக்கை இறக்கத்தைப் பார்க்க வைத்து நிறுத்துவார். காலையில் உருளவிட்டுக் கியரைப் போட்டு எழுப்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் பழைய நாளிதழை விரித்து, நாலு ப்ளக்கையும் கழற்றி வைத்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பார். கரி அவர் நகத்துக்குள் ஏறியிருக்கும். முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு அவர் அதைச் செய்யும்போது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எனக்கு உள்ளே ஒரு கோபம். ஒரு நாள் துரையைத் தாண்டியிருந்தால் இந்தத் தேய்ப்பு வேண்டாம். அதைவிட, என்ஜின் சூடாகாததால் அந்த ஹீட்டரில் வந்தது சூடில்லாத காற்று. நான் எதற்காக வாங்கச் சொன்னேனோ அது ஆறிப் போன காப்பி மாதிரி வந்தது.

"வாரத்துக்கு ஒரு தரம் ஓட விடச் சொன்னாரே" என்று ஒரு தடவை ஞாபகப்படுத்தினேன்.

"பாப்போம்" என்றார்.

அவர் செய்த ஒரு பெரிய காரியம் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது. மூச்சு இழுப்பது பெரும்பாலும் பிற்பகலில். அவர் ஆபீசில் இருப்பார், அல்லது தேயிலைப் பெட்டிகளோடு லோரியில் கீழே போயிருப்பார். ஆகவே திடலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். எனக்குக் கால் எட்டவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்தேன். கிளட்சை மிதிப்பது அம்மியைக் காலால் நகர்த்துவதுபோல. திடலோரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்ப்பார்.

"கிராணியம்மா ஓட்டுனா, கிராணியார் என்னா வேல பாப்பாரு? ஹாரன் அடிப்பாரா?"

அவர் சிரித்துக்கொண்டு, "ஆமா லா அக்கா, எனக்குப் புரமோஷன்" என்றார். வீட்டுக்கு வந்தபிறகு அதிகம் பேசவில்லை. நான் கற்றுக்கொண்டது தப்போ, பேசாமல் லோரிக்கே காத்திருக்கலாமோ என்று பல நாள் யோசித்தேன். யோசித்துக்கொண்டே கற்றுக்கொண்டேன். லைசென்ஸும் எடுத்தேன்.

அது மழைக்காலம். மத்தியானச் சோற்றுக்கே மகள் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் பூனைச் சத்தம். கழுத்தின் கீழே குழி விழுந்து விழுந்து எழும்பியது. அவர் அன்று காலையிலேயே லோரியில் கீழே போயிருந்தார். மருந்துக்காரர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "டவுனுக்குக் கொண்டுட்டுப் போயிடுங்க. இங்க வச்சிருக்க வேணாம்" என்றார்.

நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா கையில் மாவோடு வந்தார். பிள்ளையைப் பார்த்தார். கையைக் கழுவக்கூட இல்லை, புடவையில் துடைத்துக்கொண்டே பின்சீட்டில் ஏறி அவளை வாங்கிக்கொண்டார்.

சாவிக்கு வண்டி எழும்பவில்லை. சரிவில் உருளவிட்டேன். இரண்டாவது கியரைப் போட்டதும் ஒரு குலுக்கு குலுக்கி எழுந்தது. ஆனால் நாலு காலில் ஒரு கால் நொண்டுவதுபோலத் தடுக்கித் தடுக்கி ஓடியது. இரண்டு வளைவு தாண்டியிருப்போம். முன்னால் பனிக்குள்ளே ஜீப்பின் பின்பக்கம்.

"தொர காடி" என்றார் அக்கா, ஏதோ சுவரைப் பார்த்ததுபோல.

துரை இடது பக்கம் தேயிலையைப் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். நான் முதல் கியருக்கு இறங்கினேன். என்ஜின் இருமியது. எனக்குப் பின்னால் என் பிள்ளை இருமினாள். இரண்டு இருமலும் மாறி மாறிக் கேட்டது. இன்னும் கொஞ்ச தூரம் இப்படி ஊர்ந்தால் இந்த வண்டி நின்றுவிடும், மேட்டில் நின்றால் எழும்பாது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஹாரனை அழுத்தினேன்.

"ஐயையோ, அடிக்காதீங்க! தொரக்கு ஹாரன் அடிக்கிறீங்களா?"

"அக்கா, பிள்ள மூச்சப் பாருங்க."

"அதான் சொல்றேன், கொஞ்சம் பொறுத்தா அவரே பாத்து நிறுத்துவாரு. ஜீப்புல ஏத்திக்கிடலாம் லா."

அந்த ஜீப்புக்குப் பக்கவாட்டில் கதவில்லை, கித்தான் மட்டும்தான். பனியும் சாரலும் நேராக உள்ளே வரும். ஆனால் அதையெல்லாம் அப்போது நான் யோசித்தேனா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. நிறுத்திக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் ஏற்றிக்கொண்டுதான் போயிருப்பார், கெட்ட மனிதர் இல்லை. இதைப் பிறகு எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகை வந்தது. அந்த இடத்தில் பாதை அகலம். மத்தியானக் கொழுந்தை நிறுத்துக் கொட்ட, கூடையோடு பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே வலது பக்கம் திருப்பினேன். இரண்டு சக்கரம் புல்லில் ஏறியது. பெண்கள் கூடையோடு பின்னுக்கு நகர்ந்தார்கள். யாரும் கத்தவில்லை. அந்த அமைதிதான் இன்னும் காதில் இருக்கிறது. ஜீப்புக்கு இணையாக வந்தபோது ஒரு நொடி துரையின் முகம் தெரிந்தது. கோபம் இல்லை. கையில் ஒரு கொழுந்து. யாரோ தூக்கத்தில் எழுப்பியதுபோல என்னைப் பார்த்தார். அக்கா பின்சீட்டில் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார்.

"தங்கச்சி, நம்ம தொலைஞ்சோம்" என்றார்.

தாண்டியாயிற்று. முன்னால் ஒன்றுமில்லை, பாதை மட்டும். மிதித்தேன். வண்டி ஒரு பெரிய தும்மல் தும்மியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புப் புகை, அதற்குள் ஜீப் காணாமல் போய்விட்டது. பிறகு என்ஜினின் குரல் மாறியது. தொண்டையில் சிக்கியிருந்தது விலகினால் மனிதருக்குக் குரல் மாறுமே, அதுபோல. நொண்டல் நின்றது. பெரிய சடக்கில் ஏறியதும் ஒரு காய்கறி லோரியின் ஜன்னலிலிருந்து கை நீண்டு, வா வா என்று அழைத்தது. போனேன். அந்த ஊசி மூன்று, நாலு என்று ஏறி ஐந்தைத் தொட்டதைப் பார்த்தேன். காலடியில் உண்மையான சூடு வந்தது.

"அம்மாடி, அடுப்பு மாதிரி வருது" என்றார் அக்கா. பிள்ளையின் காலை அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மூக்கில் காற்றுக்குழாய் வைத்தார்கள். பொழுது சாயும்போது அவள் கழுத்துக் குழி அமைதியாகிவிட்டது. கை என் விரலைப் பிடித்திருந்தது.

அவர் கீழேயிருந்து திரும்பும் வழியில் செய்தி கேட்டு லோரியோடு அங்கேயே வந்தார். கட்டிலருகில் குனிந்து அவள் மூச்சைக் காதால் கேட்டார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னக் குரலில் கேட்டார்:

"எங்க வச்சித் தாண்டுன?"

"கொட்டகைகிட்ட."

"நிறுக்கிற நேரத்துலயா? எல்லாரும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

அவர் தன் நகத்தில் இருந்த கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல வேல செஞ்ச" என்றார். சொல்லிவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அவர் அதை மனசாரத்தான் சொன்னார். ஆனாலும் அன்று அந்த வராந்தாவில் அவர் நின்ற முதுகு எனக்கு மறக்கவில்லை.

மறுநாள் காலை துரையிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். துரை, "பிள்ளைக்கு எப்படி?" என்று கேட்டாராம். "சுகம்ங்க" என்றாராம் இவர். அதற்கு மேல் துரை ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். திட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை நாங்கள் வழக்கம்போல ஜீப்பின் பின்னால் போய்ச் சேர்ந்தோம். எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் ஜீப் ஓரமாக ஒதுங்கி நின்றது. துரை கையைக் காட்டி, போ என்றார். என் கணவருக்குக் கால் எழவில்லை. ஜீப்பும் நகரவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, திருடப் போகிறவர்போல, துரையைத் தாண்டினார். அன்றைக்குச் சாமான் வாங்கும்போது பாதியை மறந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம், "நீ பிள்ளையக் கூட்டிட்டுப் போ. எனக்கு ஆபீஸ் வேல இருக்கு, லோரில வந்துடுறேன்" என்றார். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. துரை ஒதுங்கி வழிவிடும் வண்டியில் அவரால் உட்கார முடியவில்லை. கொஞ்ச நாளில் திரிங்காப்பில் பூந்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் காரைப் பார்க்க வந்தார். அவர் பார்த்துவிட்டுப் போனபிறகு என் கணவர் என்னிடம், "குடுத்துடலாமா?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "ஹீட்டர் வச்ச வேற காடி கெடச்சா குடுத்துடலாங்க" என்றேன்.

அந்த மலையில் அப்படி இன்னொன்று இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் சிரித்த மாதிரி இருந்தது. ப்ளக்கைத் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

குழாயடியில் என் கதை கொஞ்ச நாள் ஓடியது. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கதையில், "அடிங்க ஹாரன, தொரயா இருந்தா என்னா" என்று சொன்னது அவர்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் நான் இறங்கிப் போனால் அப்போதும் சிரிப்பு நின்றுவிடும். முன்னைவிட அதிகமாக வாளிகள் நகர்ந்தன. துரையைத் தாண்டியவளுக்கு எவ்வளவு இடம் விடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

வாரம் ஒரு முறை கோலா தெர்லா பக்கம் நேரான சடக்கில் ஊசி ஐந்தைத் தொடும்வரை நான் தனியாக ஓட்டுவேன். மகள் பின்சீட்டில் சூட்டில் தூங்குவாள். என் இடது பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை. அதில் நான் கைப்பையை வைக்கமாட்டேன். ஏன் என்று தெரியவில்லை, காலியாகவே விட்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை தோட்டத்துப் பாதையில் எனக்கு முன்னால் கம்பெனி லோரி போய்க்கொண்டிருந்தது. முன்னால் கர்ப்பிணி ஒருத்தியை உட்கார வைத்திருந்ததால் என் கணவர் பின்தட்டில் நின்றுகொண்டு வந்தார், வெள்ளைச் சட்டை, கையில் ஆபீஸ் பை. என்னைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்தேன். தாண்ட மனமில்லை. துரையைத் தாண்டிய இடத்தில் இவரைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. என்ஜின் தும்ம ஆரம்பித்தது. அது அவருக்கும் கேட்டிருக்கும், அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா.

கொட்டகை வந்தது. அவர் திரும்பி, கேபினுக்கு மேலாக முன்னால் பாதையைப் பார்த்தார். இந்தப் பக்கம் திரும்பினார். பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை வெளியே நீட்டினார். காய்கறி லோரிக்காரர்கள்போல உள்ளங்கையால், வா வா என்று அழைத்தார்.

போனேன். தாண்டியதும் ஒரு ஹாரன் அடித்தேன். கண்ணாடியில் கொஞ்ச தூரம் அவர் கை தெரிந்தது, பிறகு வளைவு வந்துவிட்டது.